விசிறி: காற்றா, கோயிலா?

கேரளத்தில், கொழிஞ்சாம்பாறையில் இருக்கும் என் மாமா மைக்கேல் ஜாக்சனின் "பரம விசிறி". 1982இல் வந்த 'த்ரில்லர்' ஆல்பத்தை, வளைகுடாவிலிருந்து வந்த டூ-இன்-ஒன்னில் கேசட் தேயத் தேயக் கேட்டவர். அவர் பேத்தி, 2009இல் ஜாக்சன் இறந்தபின் பிறந்தவள், தன்னைக் "கட்ட ஃபேன்" என்கிறாள். கட்ட என்பது பள்ளிக்கூடத்து மலையாளம். 'தீவிர' என்று பொருள்.

விசிறி எப்படி ரசிகர் ஆனார்? ஆங்கிலத்தில் ஃபேன் ஒன்றல்ல, இரண்டு. காற்று வீசும் ஃபேனுக்கு மூலம், தானியம் புடைக்கும் முறத்தைக் குறித்த 'வன்னுஸ்' என்ற லத்தீன் சொல். ஆளைக் குறிக்கும் ஃபேன், 'ஃபனாட்டிக்' என்பதன் சுருக்கம். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்க பேஸ்பால் மைதானங்களில் பரவியது. அதன் வேர் 'ஃபானும்', அதாவது கோயில். சாமி வந்து ஆடுகிறவரே முதல் ஃபேன் என்று வைத்துக்கொள்ளலாம். நம்மவர்கள் மொழிபெயர்த்தது முறத்துக்காரரை! தெரியாமல் செய்த பிழையாகத் தோன்றவில்லை, குறும்புதான்.

மலையாளி 'ஆராதகன்' என்கிறார். வழிபடுகிறவர், வேர்ப்பொருளுக்கு இதுதான் நெருக்கம். வடக்கே நகரி, புத்தூர்ப் பக்கம் போனால் தெலுங்கில் 'அபிமானி', முற்றினால் 'வீராபிமானி'. தமிழிலோ அபிமானம் நட்சத்திரத்துக்கு அடைமொழியாகிவிட்டது: 'அபிமான நட்சத்திரம்'.

'ரசிகர்' ரசம் என்ற வடசொல்லிலிருந்து வந்தது. அந்த ரசம் சுவை. தனித்தமிழில் 'சுவைஞர்'. மாமாவுக்கு இது அளவெடுத்துத் தைத்த சட்டை. 'பீட் இட்' பாட்டின் நடுவில் வரும் கிட்டாரை அவர் "தனியாவர்த்தனம்" என்பார். 1983இல் ஜாக்சன் மேடையில் ஆடிய மூன்வாக்கைப் பல வருடம் கழித்துத்தான் பார்த்தார். அதுவரை அவருக்கு ஜாக்சன் வெறும் குரல். பேத்தி நேர்மாறு: முதலில் பார்த்தது கால்களை, அதுவும் போனில் துண்டுத் துண்டாக. ஒரு ஆல்பத்தை முழுசாக அவள் கேட்டதில்லை. ஆனால் ஜாக்சனை யாராவது குறை சொன்னால் ராத்திரி சோறு இறங்காது.

இவளைச் சுவைஞர் என்றால் ஒட்டாது. அவள் தலைமுறை 'ஸ்டான்' என்கிறது. 2000இல் வந்த அமெரிக்க ராப் பாடகர் எமினெமின் பாட்டில் பித்துப் பிடித்த ரசிகனின் பெயர் அது. பாட்டில் அவன் கதி பரிதாபம். இருந்தும் பெருமையாகச் சூட்டிக்கொள்கிறார்கள். 'வெறியர்' என்றால் வசையாகிவிடும். தமிழ்ப் பற்றாளர் என்கிறோமே, அந்தப் 'பற்றாளர்' பொருந்தும் என்பது என் கட்சி. பேத்திக்கும் பிடித்தது, "கட்டப் பற்றாளர்" என்று சொல்லிப் பார்த்துச் சிரித்தாள்.

மாமாதான் மசியவில்லை. "சுவைஞர்னா உப்புப் பாக்கற ஆளாட்ட இருக்குது. எனக்கு விசிறியே போதும்."