டீச்சர், உங்கள் வேலையை மறைக்காதீர்கள்

போன மாதம் 42 வயதுப் பெண் ஒருவர் வந்தார். தலைவலி, தூக்கமின்மை, சின்ன விஷயத்துக்கும் அழுகை. என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டேன். "வீட்லதான் இருக்கேன் டாக்டர்" என்றார். நானும் நம்பி, இரவில் போட அமிட்ரிப்டிலின் எழுதிக் கொடுத்தேன். தலைவலிக்கும் தூக்கத்துக்கும் சேர்த்து உதவும் பழைய மாத்திரை அது. வாய் வறளும், சிலருக்குக் காலையில் மந்தமாக இருக்கும்.

பத்து நாளில் திரும்பி வந்தார். "தொண்டை காஞ்சு போகுது, மூணாவது பீரியடுக்கு மேல குரலே வரமாட்டேங்குது" என்றவர், சட்டென்று நிறுத்திவிட்டார். அப்போதுதான் விரல் இடுக்கில் காயாத சிவப்பு மையைப் பார்த்தேன். பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறவர். தினமும் ஆறு பீரியட் பேசுகிறவர் என்று தெரிந்திருந்தால் அந்த மாத்திரையை நான் எழுதியிருக்கவே மாட்டேன்.

இவர் முதல் ஆள் இல்லை. உள்ளூரில் டாக்டர் இருக்கும்போதே இரண்டு பஸ் மாறி என்னிடம் வருகிற ஆசிரியர்கள் இருக்கிறார்கள். மாஸ்க்கைக் கழற்றாமலே பேசிவிட்டுப் போகிறவர்களும் இருக்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே பயம்தான்: மனநல சிகிச்சை எடுப்பது தெரிந்தால் எஸ்.ஆரில், அதாவது பணிப்பதிவேட்டில், ஏறிவிடும், வேலைக்கு ஆபத்து.

யார் இதைக் கிளப்பிவிட்டார்களோ தெரியாது, கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. என் கிளினிக்கில் எழுதுகிற கேஸ் ஷீட்டுக்கும் உங்கள் பணிப்பதிவேட்டுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, நோயாளியின் சிகிச்சை விவரம் ரகசியமாகக் காக்கப்படுவதை அவருடைய உரிமையாகவே சொல்கிறது. நீதிமன்ற உத்தரவு, உயிருக்கு ஆபத்து மாதிரியான சில விதிவிலக்குகள்தான் உண்டு. உங்கள் தலைமை ஆசிரியர் போன் செய்து கேட்டால் நான் சொல்லக் கூடாது. அவர் கேட்பதே தவறு. சரி, நோய் முற்றி ஊனம் என்கிற அளவுக்கே போய்விட்டால்? அதற்காக ஓர் அரசு ஊழியரைப் பணிநீக்கமோ பதவி இறக்கமோ செய்யக் கூடாது என்று மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 சொல்கிறது. தனியார் பள்ளியில் வேலை செய்கிறவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு இதே அளவுக்கு இல்லை, அவர்களுடைய பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் ரகசியம் காக்கும் கடமை எல்லோர் விஷயத்திலும் ஒன்றுதான். இன்னொன்று, என்னிடம் வரும் ஆசிரியர்களில் பெரும்பாலானவர்கள் நீண்ட லீவு போடாமலே, வேலைக்குப் போய்க்கொண்டே சரியாகிறவர்கள். மெடிக்கல் லீவு தேவைப்பட்டால், சான்றிதழில் என்ன எழுதுவது என்று முன்னாலேயே டாக்டரிடம் மனம்விட்டுப் பேசுங்கள்.

இந்தப் பயத்தால் என்ன நடக்கிறது தெரியுமா? டாக்டரிடம் வராமல், மாமியாருக்கு எழுதிய, பதற்றத்தைக் குறைக்கும் அல்பிரசோலம் மாத்திரையில் ஒன்றை எடுத்துப் போட ஆரம்பிக்கிறார்கள். ஒன்று இரண்டாகிறது. இரண்டு வருடம் கழித்து, அது இல்லாமல் தூங்கவே முடியாத நிலையில் வருகிறார்கள். மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கவே கூடாத மாத்திரை அது. ஏற்கெனவே போட்டுக்கொண்டிருந்தால் பயந்துபோய் ஒரே நாளில் நிறுத்திவிடாதீர்கள், வலிப்புகூட வரலாம். படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

எப்போது வர வேண்டும்? இரண்டு வாரத்துக்கு மேல் மனம் சோர்ந்தே கிடந்தால். பிடித்த வகுப்புக்குப் போகக்கூட வெறுப்பாக இருந்தால். ஞாயிறு சாயங்காலம் ஆனாலே நெஞ்சு படபடத்தால். பிள்ளைகளை அடித்துவிட்டு ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து அழுதால். சோர்வு என்று வருகிற பெண்களுக்கு ரத்த அளவும் தைராய்டும் பார்க்காமல் நான் மருந்து எழுதுவதில்லை. எல்லாச் சோர்வும் மனச்சோர்வு இல்லை. மாத்திரை ஆரம்பித்தால் பலன் தெரியவே இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். நாலாம் நாளே நிறுத்தாதீர்கள்.

அப்புறம், தண்ணீர் குடியுங்கள். கழிப்பறை சரியில்லை என்று காலையிலிருந்து நாலு மணி வரை ஒரு சொட்டுக்கூடக் குடிக்காத டீச்சர்கள் எத்தனை பேர்! தலைவலியில் பாதி அங்கேதான் இருக்கிறது.

தலைமை ஆசிரியர்களிடம் ஒரு கெஞ்சல். 'எமிஸில் (பள்ளிக் கல்வித் துறையின் தகவல் இணையதளம்) உடனே பதிவேற்றவும்' என்று இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீர்கள். காலையில் சொன்னால் போதும். என் முன்னால் உட்கார்ந்து பேசும்போதுகூட, போன் அதிர்ந்தால் ஆசிரியர்களுக்கு உடம்பு தூக்கிப் போடுகிறது.

உயிரை விட்டுவிடலாம் என்கிற நினைப்பு ஒருமுறை வந்தாலும் என் ஓபி நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம். 14416, டெலி மானஸ் என்கிற அரசின் மனநல உதவி எண். இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், இலவசம். மற்றவர்கள், பள்ளி விட்டு வர நேரமாகும் என்றால் முன்னாலேயே போன் செய்து சொல்லுங்கள், இருக்கிறேன்.