கடனுக்குச் சரக்கு கொடுத்தால் 45 நாள்தான் கெடு

கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் போடும் அக்கா ஒருவர் பாளையங்கோட்டைக் கடைக்குச் சரக்கு அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். கடைக்கார அண்ணாச்சி, “தீபாவளி கழியட்டும்க்கா, கணக்கை முடிச்சிருதேன்” என்கிறார். தீபாவளி போய்ப் பொங்கலும் வந்துவிடும். உளுந்துக்காரருக்கோ கையோடு ரொக்கம் கொடுத்தாக வேண்டும். இந்த இழுவைக்குச் சட்டத்தில் கெடு இருக்கிறது. அது தெரியாமல் நம் ஊர்க்காரர்கள் தவிப்பதுதான் எனக்கு வருத்தம்.

2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, எழுத்தில் பேசிக்கொண்ட தேதிக்குள் பணம் வர வேண்டும். அந்தத் தேதியும் 45 நாளைத் தாண்டக் கூடாது. எழுத்தில் எதுவும் இல்லையென்றால் 15 நாள்தான். தவறினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப்போல (வங்கிகளுக்குக் கடன் தர அது அறிவிக்கும் வட்டி விகிதம்) மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி.

நாள் எப்போது எண்ணத் தொடங்கும்? சரக்கு இறங்கிய நாளிலிருந்து. ஆனால் வாங்கியவர் 15 நாளுக்குள் ‘உடைசல் இருக்கிறது’ என்று எழுதிக் கொடுத்தால், அதைச் சரிசெய்த நாளிலிருந்துதான் கணக்கு. வாய்ப்பேச்சு இதில் எடுபடாது. அதனால் சரக்கு இறக்கும்போதே பில்லில் தேதி போட்டுக் கையெழுத்து வாங்குங்கள். எத்தனை நாள் கடன், உடைசலை எப்படி மாற்றித் தருவீர்கள் என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள். முகம் கோணுவார்களே என்று தயங்க வேண்டாம்.

இதற்கெல்லாம் உத்யம் பதிவு, அதாவது மத்திய அரசிடம் உங்கள் தொழிலைப் பதிந்துகொள்வது, வேண்டும். ஆன்லைனில் இலவசம், சரக்கு அனுப்பும் முன்பே செய்துவிடுங்கள். பொருள் செய்யும் அல்லது சேவை தரும் குறு, சிறு தொழில்களுக்குத்தான் இந்தப் பாதுகாப்பு, வாங்கி விற்பவருக்குக் கிடையாது. பணம் வராவிட்டால் இதற்கென உள்ள அரசு இணையதளத்தில் புகார் கொடுக்கலாம். இந்தச் சட்டப்படி மாநில அரசு அமைக்கும் வசதியாக்க மன்றம் முதலில் சமரசம் பேசும், முடியாவிட்டால் நடுவர் தீர்ப்பு.

அப்புறம் வருமான வரி. 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து (அதாவது 2023-24 நிதியாண்டுக் கணக்கிலிருந்து), குறு, சிறு தொழில்களுக்குக் கெடு தாண்டித் தரும் பணத்தை, சரக்கு வாங்கியவர் அதைக் கொடுத்த ஆண்டின் செலவாகத்தான் காட்ட முடியும். கணக்கு எழுதி வரி கட்டும் பெரிய கடைகளிடம் இதை மரியாதையாக நினைவூட்டலாம்.

நேரடியாக வீட்டுக்கு வாங்குபவர்களுக்கு வேறு சட்டம். ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று அச்சடித்துவிட்டுக் குறையுள்ள பொருளை வாங்க மறுத்தால், 2019 நுகர்வோர் சட்டப்படி அது முறையற்ற வணிகம். பில்லில் கெடு எழுதாவிட்டால் 30 நாளுக்குள் பணத்தைத் திருப்பித் தர வேண்டும்.