மொத்தச் சேர்க்கை எண் மறைப்பது என்ன?

அரசுத் தொடக்கப் பள்ளி ஒன்றில் போன ஆண்டு 200 பிள்ளைகள், இந்த ஆண்டு 183 என்று வைத்துக்கொள்வோம். பள்ளி சரியில்லை, பிள்ளைகளை வேறிடத்தில் சேர்க்கிறார்கள் என்று பேச்சு கிளம்பிவிடும். வகுப்புவாரியாகப் பிரித்தால் கதை வேறு. போன ஆண்டு ஒன்று முதல் ஐந்து வரை முறையே 30, 38, 41, 44, 47 பேர். ஐந்தாம் வகுப்பின் 47 பேர் முடித்துப் போனார்கள். ஒன்றாம் வகுப்புக்கு 30 பேர் வந்தார்கள். இடையில் ஒருவர்கூட விலகவில்லை. சுற்றுவட்டாரத்தில் பிறப்பு குறைந்தாலே இப்படி நடக்கும். நேர்மாறானதுதான் ஆபத்து: ஒன்றாம் வகுப்பு நிரம்பி வழியும் ஆண்டில், மேல் வகுப்புகளில் நின்றுபோனவர்கள் மொத்தத்துக்குள் மறைந்துவிடுவார்கள்.

ஆகவே போன ஆண்டின் ஒன்றாம் வகுப்பை இந்த ஆண்டின் இரண்டாம் வகுப்போடு ஒப்பிட வேண்டும், அதுவும் பெயர் பெயராக. 40 பேர் 36 ஆனால் குறைந்தது நான்கு என்று நினைப்போம். அந்த 36-இல் மூவர் புதிதாக வந்தவர்கள் என்றால் தேட வேண்டியது ஏழு பேரை. அதே வகுப்பில் தங்கியவர், வேறு பள்ளிக்கு மாறியவர், எங்கும் சேராதவர் எனப் பிரியுங்கள். மூன்றாமவர்தான் இடைநிற்றல். ‘வேறு பள்ளியில் சேர்த்துவிட்டார்கள்’ என்ற வாய்ச்சொல் போதாது. சேர்ந்த பள்ளியிடமிருந்து உறுதி வர வேண்டும். பதிவேடுகளில் அதிகம் ஏமாற்றுவது இந்த ஒரு வரிதான்.

எண்ணிய தேதியையும் பாருங்கள். கல்வியாண்டின் முதல் வாரக் கணக்கையும் மூன்றாம் மாதக் கணக்கையும் ஒப்பிடுவதில் பொருளில்லை. பெயர் இருப்பது வேறு, வருகை வேறு.

மொத்தச் சேர்க்கை விகிதம், அதாவது அந்த வகுப்புகளுக்கு உரிய வயதில் உள்ள 100 பிள்ளைகளுக்குப் பள்ளியில் சேர்ந்திருப்பவர் எத்தனை பேர் என்ற கணக்கு, 100-ஐத் தாண்டினால் பிழை என்று பதற வேண்டாம். வயது கடந்தவர்களும் அதில் சேர்த்தி. உரிய வயதினரை மட்டும் எண்ணுவது நிகரச் சேர்க்கை விகிதம்.

பிள்ளைகளின் பின்னணி விவரங்களில் கெடுவது பெரும்பாலும் படிவத்தில்தான். மாற்றுத்திறன் பற்றிய கட்டம் காலியாக இருந்தால் அதை ‘இல்லை’ என்று ஏற்றிவிடுகிறார்கள். ‘கேட்கவில்லை’ என்பதற்குத் தனிக் குறியீடு தேவை. மொழிக் கேள்வியை ‘வீட்டில் அதிகம் பேசுவது எது?’ என்று கேளுங்கள். ‘என்ன மொழி தெரியும்?’ என்றால் பலர் பள்ளியின் மொழியையே சொல்வார்கள்.

12 பேர் வகுப்பில் ஒரு பிள்ளை என்பது 8.3 சதவீதம். அங்கே சதவீதம் போடாமல் ஆளெண்ணிக்கையே போடலாம். வெளியிடும் பட்டியலில் ஒருவர், இருவர் மட்டுமே உள்ள பிரிவை மறைத்தால், பக்கத்தில் இன்னொரு கட்டத்தையும் மறைக்க வேண்டும். இல்லாவிட்டால் மொத்தத்திலிருந்து கழித்து அந்தப் பிள்ளை யார் என்று கண்டுபிடித்துவிடுவார்கள்.