‘ஸ்கேன் நார்மல்’ என்றால் என்ன பொருள்?

மாதக்கணக்கில் சரியான தூக்கமில்லை, பசியில்லை, பிடித்த வேலையைத் தொடக்கூட மனமில்லை. இப்படி டாக்டரிடம் போகும் ஒருவருக்குச் சில சமயம் மூளை ஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள். ரிப்போர்ட் ‘நார்மல்’ என்று வரும். வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. “ஸ்கேனே ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டது, இனி எழுந்து வேலையைப் பார்” என்பார்கள். அவர்கள் அன்போடுதான் சொல்கிறார்கள். ஆனால் படுக்கையை விட்டு எழ முடியாமல் கிடப்பவருக்கு அந்தச் சொல் எவ்வளவு வலிக்கும் என்பது பட்டவருக்குத்தான் தெரியும்.

அந்த ஸ்கேன் தேடியது கட்டியையும் ரத்தக்கசிவையும் பக்கவாதத்தின் தடத்தையும்தான். மனச்சோர்வு (டிப்ரெஷன்) என்ற நோயைப் போலவே தோற்றம் தரும் வேறு நோய் எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொள்வதற்காக எடுத்தது அது. மனச்சோர்வை அது தேடவே இல்லை. தேடியிருந்தாலும் ஒரே ஒருவரின் ஒரே ஒரு படத்தில் கண்டுபிடித்திருக்க முடியாது. ஏன் முடியாது என்பதைப் புரிந்துகொள்ள, ஸ்கேன் எப்படிப் பார்க்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

எம்.ஆர்.ஐ. இயந்திரம் அடிப்படையில் ஒரு பெரிய காந்தம். ஆராய்ச்சிக்கு அதிகம் பயன்படும் 3 டெஸ்லா காந்தத்தின் வலிமை, பூமியின் காந்தப்புலத்தைவிடப் பல பத்தாயிரம் மடங்கு. மூளையில் நிறைந்திருக்கும் நீரின் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் இந்தக் காந்தப்புலத்துக்கு இசைந்து அணிவகுக்கின்றன. ரேடியோ அலையால் அவற்றை ஒரு கணம் தட்டிவிட்டால், பழைய நிலைக்குத் திரும்பும்போது மெல்லிய சமிக்ஞை ஒன்று வரும். நரம்புச் செல்கள் மொய்த்திருக்கும் சாம்பல் பகுதியிலும், கொழுப்புறை போர்த்திய நரம்பிழைகள் ஓடும் வெள்ளைப் பகுதியிலும் இந்தத் திரும்பும் வேகம் வேறுபடுகிறது. அந்த வேறுபாடுதான் நாம் பார்க்கும் கறுப்பு வெள்ளைப் படம்.

அதை வைத்து மூளையின் ஒவ்வொரு பகுதியின் கன அளவையும் கணக்கிடலாம். மனச்சோர்வு ஆராய்ச்சியில் அதிகம் அளக்கப்பட்ட பகுதிகளில் ஒன்று ஹிப்போகாம்பஸ். காதுக்கு உள்பக்கமாக, இரு புறமும் ஒவ்வொன்றாக, கடற்குதிரை வடிவில் சுருண்டிருக்கும். புதிய நினைவுகள் உருவாக இது வேண்டும். மன அழுத்தத்தில் சுரக்கும் கார்டிசாலை உணரும் ஏற்பிகளும் இங்கே ஏராளம். 1996இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் யெவெட் ஷெலைன் குழுவினர், மனச்சோர்விலிருந்து மீண்டிருந்தவர்களின் ஹிப்போகாம்பஸை அளந்தார்கள். அது மற்றவர்களுடையதைவிடச் சிறியதாக இருந்தது. நோயில் கழித்த நாட்கள் கூடக்கூட அளவும் குறைந்திருந்தது.

ஆனால் அது மிகச் சிலரைக் கொண்ட ஆய்வு. பிறகு எனிக்மா என்ற உலகளாவிய கூட்டமைப்பு, பல நாடுகளின் ஸ்கேன்களை ஒன்றுசேர்த்து, மனச்சோர்வுள்ள 1,728 பேரையும் இல்லாத 7,199 பேரையும் ஒப்பிட்டது. முடிவு வெளியானது 2016இல். ஹிப்போகாம்பஸ் சிறுத்திருப்பது உண்மைதான் என்று தெரிந்தது, சராசரியாக 1.24 சதவீதம். ஒரு பக்கத்து ஹிப்போகாம்பஸில் அது ஏறக்குறைய இரண்டு மூன்று அரிசிமணி அளவு. மனிதருக்கு மனிதர் இயல்பாகவே இருக்கும் வித்தியாசம் இதைவிடப் பல மடங்கு பெரியது. முதல் முறையாக நோய் வந்தவர்களிடம் இந்தக் குறைவு தென்படவில்லை. திரும்பத் திரும்ப வந்தவர்களிடமும் 21 வயதுக்குள் தொடங்கியவர்களிடமும்தான் தென்பட்டது.

அப்படியென்றால் நோய்தான் ஹிப்போகாம்பஸைச் சிறுக்க வைக்கிறது என்று சொல்லத் தோன்றும். நான் அவசரப்பட மாட்டேன். பிறவியிலேயே அது சற்றுச் சிறியதாக உள்ளவர்களுக்கு நோய் திரும்பத் திரும்ப வருகிறது என்றும் இதே எண்களை வாசிக்கலாம். மின்னதிர்வு சிகிச்சைக்குப் பிறகு ஹிப்போகாம்பஸ் பெரிதாகிறது என்பது பல ஆய்வுகளில் உறுதியான விஷயம். அதிலும் ஒரு சிக்கல்: பெரிதான அளவுக்கும் நோயாளி குணமடைந்த அளவுக்கும் நேரடித் தொடர்பு கிடைக்கவில்லை.

சரி, வடிவம் இருக்கட்டும். இயக்கத்தைப் பார்ப்போம். ஹீமோகுளோபின் ஆக்ஸிஜனை இழந்ததும் அதன் காந்தத் தன்மை மாறும். 1990இல் செய்ஜி ஒகாவா இதைப் பயன்படுத்தி, மூளைக்குள் ரத்த ஆக்ஸிஜனின் ஏற்ற இறக்கத்தை எம்.ஆர்.ஐ. படத்திலேயே காணலாம் என்று காட்டினார். மூளையின் ஒரு பகுதி சுறுசுறுப்பானால், செலவாகும் ஆக்ஸிஜனைவிட அதிகமான ரத்தம் அங்கே பாய்கிறது. சில வினாடி தாமதத்தோடு வரும் அந்தப் பாய்ச்சலைத்தான் எஃப்.எம்.ஆர்.ஐ. அளக்கிறது. செய்தித்தாள்களில் சிவப்பும் மஞ்சளுமாக ஒளிரும் மூளையைப் பார்த்திருப்பீர்கள். அது மூளையின் நிறமே இல்லை. பெரும்பாலும் பலரின் தரவைச் சேர்த்துப் புள்ளியியல் கணக்குப் போட்டு, அதன் மேல் பூசிய வண்ணம்.

இந்த முறையில் கிடைத்தவற்றில் என்னை அதிகம் பாதித்தது 2002இல் கிரெக் சீகிள் குழுவினர் செய்த சின்னப் பரிசோதனை. திரையில் ஒரு துயரமான சொல் தோன்றும். அடுத்து, அதற்குத் தொடர்பே இல்லாத, உணர்ச்சி சாராத ஒரு வேலை. மனச்சோர்வு இல்லாதவர்களிடம், உணர்ச்சிகளுக்கு எச்சரிக்கை மணி அடிக்கும் அமிக்டலா 10 வினாடிக்குள் அடங்கிவிட்டது. மனச்சோர்வு உள்ளவர்களிடம் 25 வினாடி கழித்தும், அடுத்த வேலைக்குப் போன பிறகும், அது அடங்கவில்லை. ‘அதையே நினைத்துக்கொண்டிருக்காதே’ என்று அவர்களிடம் சொல்கிறோமே, எதைச் சொல்கிறோம் என்று இந்தப் பரிசோதனையைப் படித்த பிறகு யோசித்தேன்.

இன்னொரு முக்கியமான இடம், மூளையின் மேற்பரப்பை எண்ணிட்ட பகுதிகளாகப் பிரித்துக் காட்டும் பிராட்மன் வரைபடத்தின் 25ஆம் பகுதி. வலது இடது மூளைகளை இணைக்கும் நரம்புப் பாலம் நெற்றிப் பக்கம் முழங்கால்போல மடங்குகிறது. அந்த மடிப்புக்குக் கீழே இருப்பது இது. 1997இல் வேய்ன் டிரெவெட்ஸ் குழுவினர், சிறிதளவு கதிரியக்கப் பொருளைச் செலுத்தி மூளையின் செயல்பாட்டை அளக்கும் பெட் (PET) ஸ்கேனில், மனச்சோர்வுள்ளவர்களின் இந்தச் சுற்றுவட்டாரத்தில் செயல்பாடு குறைந்திருப்பதைக் கண்டார்கள். பிறகுதான், அங்கே சாம்பல் பகுதியே மெலிந்திருப்பதால் சமிக்ஞை குறைவாகத் தெரிகிறது என்பது புரிந்தது. மெலிவுக்கு ஈடுகட்டிக் கணக்கிட்டால், மிஞ்சியிருக்கும் திசு வழக்கத்தைவிட அதிகமாகவே வேலை செய்கிறது. ஹெலன் மேபெர்க் 1999இல் காட்டியதும் இதோடு ஒத்துப்போனது: துயர நினைவை எண்ணிப் பார்க்கும்போது இங்கே ரத்தவோட்டம் கூடியது, மருந்தால் குணமானவர்களிடம் குறைந்தது. 2005இல் அவரும் டொரொன்டோ நரம்பியல் அறுவை சிகிச்சைக் குழுவும், எந்த மருந்துக்கும் அசையாத 6 பேருக்கு, இந்த இடத்தை மின்சாரத்தால் தூண்டும் மின்முனை பொருத்தினார்கள். 6 மாதத்துக்குப் பின்பும் 4 பேரிடம் முன்னேற்றம் நீடித்தது. ஆனால் பிறகு 90 பேரிடம் நடந்த பெரிய சோதனையில் போலிச் சிகிச்சையைவிடக் கணிசமான பலன் தெரியாததால் அதை நிறுத்திவிட்டார்கள்.

இப்போது அந்த ‘நார்மல்’ ரிப்போர்ட்டுக்கு வருவோம். 2022இல் ஜெர்மனியில் 1,809 பேரின் மூளை வடிவத்தையும் இயக்கத்தையும் ஒவ்வோர் அளவாக எடுத்து ஒப்பிட்டார்கள். மனச்சோர்வு உள்ளவர்களின் அளவுகளும் இல்லாதவர்களின் அளவுகளும் 87 முதல் 95 சதவீதம் வரை ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. எந்த ஒரு அளவை வைத்துப் பார்த்தாலும், ஆளைப் பிரித்துச் சொல்வதில் 54 முதல் 56 சதவீதத் துல்லியம்தான் கிடைத்தது. காசைச் சுண்டிப் போட்டே 50 சதவீதம் சரியாகச் சொல்லிவிடலாம். ஆயிரம் பேரின் சராசரியில் தெளிவாகத் தெரியும் மாற்றம், தனி ஒருவரின் படத்தில் இயல்பான வேறுபாடுகளுக்குள் கரைந்துவிடுகிறது.

அதனால்தான் இப்போது சில குழுக்கள் வழியை மாற்றியிருக்கின்றன. ஸ்டான்ஃபோர்டில் உருவாக்கிய காந்தத் துடிப்பு சிகிச்சையில், நோயாளி ஒவ்வொருவரின் எஃப்.எம்.ஆர்.ஐ.யையும் பார்த்து, இடது நெற்றி மடலில், 25ஆம் பகுதியின் செயல்பாடு ஏறும்போது இறங்கி, அது இறங்கும்போது ஏறும் புள்ளியைத் தேடுகிறார்கள். அந்தப் புள்ளியில் நாளுக்கு 10 முறை, 5 நாள் துடிப்பு கொடுக்கிறார்கள். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022இல் இதற்கு அனுமதி அளித்தது. இங்கே ஸ்கேன் நோய் இருக்கிறதா என்று சொல்வதில்லை, எங்கே கை வைக்கலாம் என்று காட்டுகிறது.

2024இல் வெளியான ஓர் ஆய்வு இன்னும் ஆழமாகப் போனது. சிலரை ஒன்றரை ஆண்டு வரை திரும்பத் திரும்ப ஸ்கேன் செய்து, ஒவ்வொருவருக்கும் தனி மூளை வரைபடம் தயாரித்தார்கள். உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் வரும் எத்தனையோ தகவல்களில் எது கவனிக்கத் தக்கது என்று தேர்ந்தெடுக்கும் வலையமைப்பு ஒன்று மூளையில் உண்டு. மனச்சோர்வுள்ள பெரும்பாலோரிடம் அது பெருமூளைப் புறணியில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு இடத்தைப் பிடித்திருந்தது. மனநிலை தேறியபோதும் அது சுருங்கவில்லை. பதின்வயதில் பின்னர் மனச்சோர்வுக்கு ஆளான குழந்தைகளிடம், நோய் வருவதற்கு முன்பே அது விரிந்திருந்தது.