ஒரு காஷன், மூன்று நிமிடம்: ரயிலின் வேகம் எங்கே தொலைகிறது?

பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலையில் உருவான வந்தே பாரத்தின் வடிவமைப்பு வேகம் 180 கி.மீ. சென்ட்ரலில் ஏறினால் கோவைக்குச் சுமார் 495 கி.மீ.; ஆறு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆகிறது. கணக்குப் போட்டால் சராசரி 85-ஐ ஒட்டித்தான் வரும். "வண்டிதான் புதுசாச்சே, விரட்ட வேண்டியதுதானே?" என்று கேட்பவர்கள் வண்டியைப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது பாதையை.

130-ல் வரும் 16 பெட்டி வண்டிக்கு முன்னால், ஒரு கி.மீ. தூரத்துக்கு 'காஷன்', அதாவது 30 கி.மீ. வேகத்தைத் தாண்டக் கூடாது என்ற தற்காலிகக் கட்டுப்பாடு, போட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். லோகோ பைலட் முன்கூட்டியே பிரேக் பிடித்து வேகத்தை இறக்க வேண்டும். 384 மீட்டர் நீள வண்டியின் கடைசிச் சக்கரமும் அந்த இடத்தைத் தாண்டும்வரை ஊர வேண்டும். பிறகு மறுபடி 130-க்கு ஏற வேண்டும். எல்லாம் சேர்ந்து மூன்று நிமிடம் காலி. அந்த மூன்று நிமிடத்தை வேகத்தால் மீட்க வேண்டுமென்றால், 35 கி.மீ. தூரம் முழுக்க 130-க்குப் பதில் 160-ல் ஓட்ட வேண்டும். அதற்கு வேலி, சிக்னல், கவச் (மோதல் தடுப்புக் கருவி) என்று ஆகும் செலவு தனி.

காஷன் போட ஒரு முக்கியக் காரணம் ஜல்லி. தண்டவாளத்தைத் தாங்கும் ஸ்லீப்பர் கட்டைக்கு அடியில் 30 செ.மீ. கனத்துக்குச் சுத்தமான ஜல்லி இருந்தால் மழைத் தண்ணீர் வடிந்துவிடும். மண்ணும் கல்தூளும் அடைத்துக்கொண்டால் வடியாது. சக்கரம் ஏற ஏற ஸ்லீப்பர் அமுங்கி எழும், இடுக்கில் சேறு பீய்ச்சும், தண்டவாள மட்டம் கெடும். ஜல்லியை வாரிச் சலித்துப் போட்ட அன்றே பழைய வேகம் திரும்பாது. முதலில் 20 கி.மீ., பிறகு இயந்திரம் இறுக்க இறுக்கப் படிப்படியாகத்தான் ஏற்றுவார்கள். பாதையோர வடிகாலில் குப்பை கொட்டுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு தெரிவதில்லை.

அடுத்தது வளைவு. வெளிப்பக்கத் தண்டவாளத்தை உயர்த்திப் போடுவதைக் கேண்ட் என்பார்கள். நம் அகலப்பாதையில் அதற்கு உச்சவரம்பு 165 மி.மீ. 875 மீட்டர் ஆரமுள்ள வளைவில் அதை முழுசாகக் கொடுத்து, அந்த வேகத்துக்குத் தேவையான உயரத்தில் இன்னும் 100 மி.மீ. குறைவதை அனுமதித்தால் 130 கி.மீ. கிடைக்கும். ஆரம் பாதியானால் 92-தான். ஆனால் முழுசாகக் கொடுக்க முடிவதில்லை. அதே பாதையில் மெதுவாக வரும் கூட்ஸ் வண்டி உட்பக்கம் சாய்ந்து, உள் தண்டவாளத்தைத் தின்றுவிடும். 320 கி.மீ. வேகத்துக்கு இதே கணக்கைப் போட்டால் ஆரம் 5 கி.மீ.யைத் தாண்டுகிறது. மும்பை–அகமதாபாத் 508 கி.மீ.க்குத் தனிப்பாதை, 1435 மி.மீ. ஸ்டாண்டர்ட் கேஜ், கூட்ஸ் வண்டியே கிடையாது என்பதற்கெல்லாம் காரணம் உண்டு. இருக்கிற பாதையைத் தட்டி நிமிர்த்திப் புல்லட் ரயில் விட முடியாது.

"எங்க ஊரிலும் நிற்கணும்" என்று மனு போடுவது நம் ஊர் வழக்கம். பிரேக் பிடிப்பதையும் மறுபடி வேகம் ஏறுவதையும் சேர்த்தால், இரண்டு நிமிட நிறுத்தத்துக்கு உண்மையான விலை மூன்றரை நிமிடம். அதைவிட, லெவல் கிராசிங் கேட்டை மூடி மேம்பாலம் கட்டச் சொல்லி மனு போடலாம். வண்டி நிற்காத ஊருக்கும் அதில் லாபம் உண்டு.

காற்றை உறிஞ்சிய குழாய்க்குள் வண்டி பறக்கும் ஹைப்பர்லூப் பற்றியும் கேட்கிறார்கள். சென்னையை ஒட்டிய தையூரில் சென்னை ஐ.ஐ.டி.யின் சோதனைக் குழாய் 422 மீட்டர். ஆய்வுக்கு அருமையான வசதி. ஆனால் பயணிக்கு வயிற்றைப் புரட்டாத அளவில் (புவியீர்ப்பில் பத்தில் ஒரு பங்கு) முடுக்கி 1000 கி.மீ. வேகத்தைத் தொடவே 39 கி.மீ. குழாய் வேண்டும், நிறுத்த இன்னொரு 39. பெங்களூரு அரை மணி நேரம் என்று இப்போதே சூட்கேஸ் கட்ட வேண்டாம்.

பெங்களூருக்கு அதிவேகப் பாதை வருமென்றால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேகம் அல்ல, ஸ்டேஷன் எங்கே என்பது. 350 கி.மீ. தூரத்தை ஒன்றரை மணி நேரத்தில் கடக்கிற வண்டியைப் பிடிக்க, திருவொற்றியூரில் இருந்து ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் நின்றுகொண்டு போக வேண்டியிருந்தால்? கிளாம்பாக்கத்தில் பஸ் நிலையம் 2023 டிசம்பரில் திறந்தது. பக்கத்தில் ரயில் நிலையம் வருவதற்கு முன்பே.