பேரைட் படிவுக்கு ஆசிட் எதற்கு?

மறுபடியும் அதே வேலை. பேரைட், அதாவது பேரியம் சல்பேட் படிவு அடைத்த எண்ணெய்க் கிணற்றில் 15 சதவீத ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டை இறக்கி, உற்பத்தி ஏறவில்லை என்றதும் 28 சதவீதம் இறக்கியிருக்கிறார்கள். படிவு இருந்த இடத்திலேயே இருக்கிறது. மெலிந்தது டியூபிங், அதாவது எண்ணெய் மேலே வரும் குழாய்.

"கரையவில்லையா, ஆசிட் போதவில்லை, இன்னும் ஊற்றுங்கள்" என்ற பேச்சை இனியாவது நிறுத்த வேண்டும். கால்சியம் கார்பனேட்டை ஆசிட் கரைப்பதற்குக் காரணம் உண்டு. ஹைட்ரஜன் அயனி கார்பனேட்டைப் பற்றிக் கார்பன் டை ஆக்சைடாக்கிவிடும். சல்பேட்டின் கதை வேறு. அது வலுவான அமிலத்திலிருந்து பிறந்தது. ஹைட்ரஜனை அவ்வளவு எளிதில் சேர்த்துக்கொள்ளாது, வாயுவாகவும் மாறாது. 25 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் தண்ணீரில் கரையும் பேரியம் சல்பேட் 2 மில்லிகிராமும் கொஞ்சமும்தான். ஆசிட்டின் செறிவை ஏற்றினால் அதில் சொல்லும்படியான மாற்றம் வராது. இரும்பு அரிப்பது மட்டும் நன்றாகவே கூடும்.

"மாதிரியில் ஆசிட் விட்டோம், பொங்கியதே" என்பார்கள். பொங்கினால் அதில் கார்பனேட் இருக்கிறது என்று பொருள். கார்பனேட் மட்டும்தான் இருக்கிறது என்று பொருளல்ல. நூற்றுக்குப் பத்துப் பங்கு கால்சைட் (கால்சியம் கார்பனேட்) கலந்த பேரைட்டும் பார்க்க அழகாகவே பொங்கும். ஆகவே பொங்குவதைப் பார்க்காதீர்கள், எடை போடுங்கள். மாதிரியை டொலுவினில் கழுவி எண்ணெயை நீக்கி, உலர்த்தி, பொடித்து 10 கிராம் எடுங்கள். புகைபோக்கிப் பெட்டிக்குள் வைத்து 100 மில்லி 15 சதவீத ஆசிட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். அந்த அளவு ஆசிட் 20 கிராமுக்கு மேல் கால்சைட்டைக் கரைக்கவல்லது, அதனால் ஆசிட் போதவில்லை என்ற சாக்குக்கு இடமில்லை. பொங்கல் அடங்கியதும் வடிகட்டி, கழுவி, உலர்த்தி, மறுபடி எடை போடுங்கள். 8 கிராம் மிஞ்சினால் ஆசிட் பம்ப்பைத் திருப்பி அனுப்பிவிட்டு, மிச்சத்தை, எந்தக் கனிமம் என்று காட்டும் எக்ஸ்.ஆர்.டி. சோதனைக்கு அனுப்புங்கள்.

இந்தச் சோதனையை மூக்கால் செய்யாதீர்கள். கறுப்பு மாதிரி என்றால் இரும்பு சல்பைடு இருக்கலாம், ஆசிட் பட்டதும் ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். ஒரு கிலோ இரும்பு சல்பைடு முழுக்கக் கரைந்தால் ஏறக்குறைய 270 லிட்டர் வாயு. கிணற்றுக்குள் எத்தனை கிலோ இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 100 பி.பி.எம். அளவிலேயே மூக்கு மரத்துவிடும், நாற்றம் போய்விட்டது என்று நினைத்தவர் அடுத்துக் கீழே விழுவார். லெட் அசிடேட் காகிதம் கறுக்கிறதா என்று பாருங்கள். கறுத்தால் சல்பைடை மடக்கும் ரசாயனமோ, இரும்பு சல்பைடைக் கரைக்கும் டி.எச்.பி.எஸ். கரைப்பானோ இல்லாமல் வேலையைத் தொடங்கக் கூடாது. கிணற்றிலிருந்து திரும்பும் திரவம் வந்து சேரும் தொட்டியருகே டிடெக்டரும் மூச்சுக்கருவியும் தயாராக இருக்கட்டும், ஆட்கள் காற்று வீசி வரும் பக்கமாக நிற்கட்டும். இதில் சமரசமே கிடையாது.

சாதாரண உப்புப் படிவுக்கு நன்னீரே போதும்; அதற்கும் ஆசிட் கேட்பவர்கள் இருக்கிறார்கள். கால்சியம் சல்பேட்டுக்கு, உலோக அயனியைப் பிடித்துக்கொள்ளும் இ.டி.டி.ஏ., அல்லது முதலில் கார்பனேட்டாக மாற்றிவிட்டு அதன்பின் ஆசிட்.

பேரைட்டுக்கு வழி, அதே வகை ரசாயனமான டி.டி.பி.ஏ.யின் பொட்டாசியம் உப்பு. பி.எச். 12-க்கு மேல், நல்ல சூடு, பல மணி நேர ஊறல், கூடவே ஆக்சலேட் போன்ற வினையூக்கி. இதையும் கெடுக்க வழி வைத்திருக்கிறார்கள்: கலக்குவதற்குக் கடல்நீர்! டி.டி.பி.ஏ. பேரியத்தைவிடக் கால்சியத்தை இறுக்கமாகப் பிடிக்கும். கடல்நீரில் லிட்டருக்கு 400 மில்லிகிராம் கால்சியமும் 2,700 மில்லிகிராம் சல்பேட்டும் இருக்கின்றன. கரைப்பானின் ஒரு பங்கு படிவைத் தொடும் முன்பே செலவாகிவிடும். கலக்குவது நன்னீரிலோ சுத்தமான பொட்டாசியம் குளோரைடு கரைசலிலோதான். கிணற்றில் நிற்கும் உப்புநீரையும் அதே கரைசலால் முன்னே தள்ளுங்கள். படிவின் மேல் எண்ணெய்ப் பூச்சு இருந்தால் அதற்கு முன் கரிமக் கரைப்பானால் ஒரு கழுவல். ஆசிட்டையும் டி.டி.பி.ஏ.யையும் அடுத்தடுத்து விடாதீர்கள். நடுவே இடைவெளித் திரவம் வேண்டும். பி.எச். இறங்கினால் டி.டி.பி.ஏ.யின் பிடி விட்டுப்போகும். டியூபிங்கைச் சுற்றி அடைக்கும் பாக்கரில் வைட்டான் ரப்பர் சீல் இருந்தால், இவ்வளவு காரத்தை அது தாங்குமா என்று முதலில் கேளுங்கள்.

யாரும் போடாத கணக்கு ஒன்று. உள்விட்டம் 76 மில்லிமீட்டர் உள்ள டியூபிங்கில் 5 மில்லிமீட்டர் தடிப்பில் 100 மீட்டர் நீளத்துக்குப் படிவு. கால்சைட் என்றால் சுமார் 300 கிலோ, பேரைட் என்றால் 500. நடுவில் உள்ள இடம் 340 லிட்டர். அதை 15 சதவீத ஆசிட்டால் ஒருமுறை நிரப்பினால் 75 கிலோ கால்சைட் கரையும். ஆக நான்கு நிரப்பு. டி.டி.பி.ஏ. லிட்டருக்கு 30 கிராம் கரைக்கும் என்று வைத்துக்கொண்டால், ஒரு நிரப்பில் கரையும் பேரைட் 10 கிலோதான்! 500 கிலோவுக்கு ஐம்பது தடவை ஊற வைப்பீர்களா? தடித்த பேரைட்டைக் காயில்டு டியூபிங்கில் (சுருளிலிருந்து இறக்கும் மெல்லிய குழாயில்) அரைக்கும் மில்லோ பீச்சும் ஜெட்டோ இறக்கி உடைத்தெடுங்கள். கரைப்பான் அதற்குப் பிறகு, கருவி எட்டாத பெர்ஃபரேஷன்களுக்கு, அதாவது எண்ணெய் கிணற்றுக்குள் வரும் துளைகளுக்கு.

ஆசிட் சரியான மருந்தாக இருக்கும் கிணற்றிலும் மேலிருந்து அப்படியே தள்ளாதீர்கள். வழியில் உள்ள துருவெல்லாம் கரைந்து பெர்ஃபரேஷனுக்குள் போகும். ஆசிட் தீர்ந்து பி.எச். 2-ஐத் தாண்டியதும் ஃபெரிக் இரும்பு கூழாகப் படியத் தொடங்கும். டியூபிங்கை முதலில் தனியே கழுவுங்கள், இரும்பைப் பிடித்துவைக்கும் ரசாயனத்தைச் சேருங்கள். அரிமானத்தைத் தடுக்கும் இன்ஹிபிட்டரை அந்தக் கிணற்றின் வெப்பநிலையில், அதே டியூபிங் உலோகத்தில் சோதித்தபின் அளவு குறியுங்கள். டியூபிங் 13 குரோம் (13 சதவீத குரோமியம் கலந்த எஃகு) என்றால் ஃபார்மிக், அசிட்டிக் போன்ற கரிம அமிலங்களைப் பாருங்கள்.

கடைசியாக, தயவுசெய்து: பேரைட்டோடு ரேடியம்-226 சேர்ந்து படிவது வழக்கம். படிவு கரைந்தால் ரேடியமும் திரவத்தோடு மேலே வரும். திரும்பிய கரைப்பானை, எண்ணெயையும் நீரையும் பிரிக்கும் செபரேட்டருக்கு அனுப்பாமல் தனித் தொட்டியில் பிடித்து, கதிரியக்கம் அளந்து, அளவைத் தொட்டியின் மேல் எழுதி ஒட்டுங்கள். அளக்கும்வரை யாரும் தொட்டிக்குள் இறங்கக் கூடாது. அடியில் தங்கும் வண்டலையும் காயவிடாமல் ஈரமாகவே அள்ளுங்கள்; காய்ந்து தூசியானால் மூச்சோடு உள்ளே போகும்.