நாலாவது தீர்மானமும் பதினொன்னாவது தீர்மானமும்

நான் ஆடிட்டர், திருநெல்வேலி சுத்துவட்டாரத்துல நகராட்சி கணக்குகளைப் பாத்துக்கிட்டு வாரேன். போன மாசம் தாமிரபரணிக் கரையில ஒரு ஊரு (பேரு வேண்டாம்), மன்றக் கூட்டத்துக்கு முன்னாடி தலைவர், நாலு கவுன்சிலர், அக்கவுண்டன்ட் எல்லாம் உக்காந்து பணக்கணக்கு பேசணும்னு என்னையும் கூப்புட்டிருந்தாவ. அஜெண்டாவைப் புரட்டுனா நாலாவது தீர்மானம் பஸ் ஸ்டாண்டு பக்கம் கடை கட்ட 2 கோடி கடன், பதினொன்னாவது தீர்மானம் 1.10 கோடி எஃப்டி, அதாவது பேங்குல போட்ட டெபாசிட், ரினீவல். ரெண்டுக்கும் நடுவுல தெருவிளக்கு, நாய் பிடிக்கிறது, குப்பை வண்டி டயர் எல்லாம் கிடக்கு.

நான் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். அண்ணாச்சி, 9 சதவீதத்துக்கு கடன் வாங்கிக்கிட்டு 7 சதவீதத்துக்கு டெபாசிட் போடுதோமே, லட்சத்துக்கு வருசம் 2000 ரூபா சும்மா போகுதுல்லா?

உடனே ஒரு கவுன்சிலர் அப்ப எஃப்டியை உடைச்சிரலாம்னுட்டாரு. அதுவும் தப்பு. அந்த 1.10 கோடி யாரு பணம்னு முதல்ல பாக்கணும். அதுல 30 லட்சம் கடைக்காரங்க குடுத்த அட்வான்ஸ், காலி பண்ணும்போது திருப்பிக் குடுக்கணும். 45 லட்சம் கல்வி நிதி, வேற எதுலயும் கை வைக்கக்கூடாது. நகராட்சியில வருவாய் நிதி, குடிநீர் வடிகால் நிதி, கல்வி நிதின்னு மூணு தனித்தனிப் பை இருக்கு, பாஸ்புக்குல மொத்தமா பாத்தா பணக்காரன் மாதிரி தெரியும், பிரிச்சுப் பாத்தா நமக்குன்னு மிஞ்சுறது 35 லட்சம்தான்.

அதையும் முழுசா எடுத்துரக்கூடாது. 2023 டிசம்பர் 17, 18 வெள்ளம் யாருக்கும் மறந்திருக்காது. ஆத்துக்குள்ள இருந்த உறைகிணறு, மோட்டார், பைப்லைன்னு அடிச்சுக்கிட்டு போயி, ஊரே தண்ணிக்கு லாரியைப் பாத்து நின்னுச்சு, அந்த நேரத்துல மேலருந்து நிதி வரட்டும்னு உக்காந்திருக்க முடியுமா? 15 லட்சமாவது நெனச்ச அன்னைக்கு எடுக்குற மாதிரி இருக்கணும்.

இன்னொருத்தரு, ஒரு தனியார் பேங்குல ஒரு சதவீதம் கூட தாராவ, அங்க போடுவோமேன்னாரு. 2020 மார்ச்ல யெஸ் பேங்குங்கற தனியார் பேங்குக்கு ரிசர்வ் பேங்க் தடை போட்டப்ப 50,000க்கு மேல எடுக்க முடியல, பூரி ஜெகந்நாதர் கோயில் பணமே 545 கோடி உள்ள மாட்டிக்கிச்சு. மார்ச் 18ல தடையை எடுத்துட்டாங்க, சரிதான், ஆனா அந்த ரெண்டு வாரம் சம்பளம் போடுற வாரமா இருந்தா? பேங்கு முழுகினா டெபாசிட்டுக்கு வார இன்சூரன்சும் ஒரு பேங்குக்கு 5 லட்சம் வரைதான். இது ஊரு பணம்யா, வட்டி கூட வருதுங்கறது கடைசியாதான் பாக்கணும்.

இப்ப கடனுக்கு வாரேன், கூட்டம் சூடானது இங்கதான். 2 கோடி, 9 சதவீதம், 15 வருசம்னா மாசத் தவணை 2.03 லட்சம், மொத்தமா கட்டுறது 3.65 கோடி. பிளான்ல கீழ 20 கடை, மாடியில 20 கடை, ஒண்ணு 6000 வாடகை, ஆக 2.40 லட்சம் வரும், தவணை போக மிச்சமும் இருக்குன்னு அழகா எழுதியிருந்தாவ. நான் எந்திரிச்சு ஜன்னலைத் திறந்து எதுத்தாப்புல பழைய காம்ப்ளெக்ஸைக் காட்டினேன். மாடியில பாதி ஷட்டர் துரு பிடிச்சு பூட்டிக் கிடக்கு, படியில ஆடு படுத்திருக்கு. காய்கறிப் பையோட எந்த அக்கா மாடி ஏறி வளையல் வாங்கப் போகுது?

கீழ மட்டும் கட்டினா 1.20 கோடி ஆகும்னு இன்ஜினியரே சொன்னாரு. கையில உள்ளதுல 20 லட்சம் போட்டா கடன் 1 கோடிதான், தவணை 1.01 லட்சம், வாடகை 1.20 லட்சம். மூணு கடை காலியா கிடந்தாலும் தவணை நிக்காது. தவணை நின்னா என்ன ஆகும்னு கேட்டாவ, அரசுலருந்து வார மானியத்துல பிடிச்சுட்டா அப்புறம் துப்புரவுக்காரங்க சம்பளத்துக்கே கையைப் பிசையணும்னு சொன்னேன். தீர்மானம் போட்டா மட்டும் கடன் வந்துராது, அரசு அனுமதியும் வேணும், 1914ல போட்ட கடன் சட்டத்துலருந்தே அப்படித்தான், அதனால அவங்க பாத்துக்கிடுவாங்கன்னு சிலபேரு நெனைக்காவ. அங்க இருக்கவருக்கு நம்ம மாடிப்படி ஆடு தெரியாதே.

ஒரு கவுன்சிலருக்கு முகம் வாடிப்போச்சு, அவரு மாடிக்கடையில ரெண்டை யாருக்கோ வாக்கு குடுத்திருப்பாரு போல. மாடி இல்லாம புது பிளான் போடச் சொல்லியிருக்கு. எஃப்டி ரினீவல் 12ஆம் தேதி, அதுக்குள்ள கடனையும் டெபாசிட்டையும் ஒரே தாள்ல எழுதி, எந்தப் பணம் எந்த நிதின்னு பிரிச்சுக் குடுங்கன்னு அக்கவுண்டன்ட்கிட்ட கேட்டுட்டு டீ குடிச்சுட்டு வந்துட்டேன்.